முதுகு வலிக்குக் கத்திதான் கதியா?

நோய்களில் சில உயிரை வாங்குகின்றன. வேறு சில உயிரை விட்டுவிட்டு வாழ்வை வாங்குகின்றன. முதுகு வலி இரண்டாவது வகையைச் சேர்ந்தது. இதனால் மாண்டவர்கள் இத்தனை பேர் என்று எந்தச் சாவுக் கணக்கிலும் பதிவாவதில்லை. ஆயினும், 2020-ம் வருஷத்தில் உலகமெங்கும் சுமார் 61 கோடியே 90 லட்சம் ஜனங்கள் இடுப்பு வலியால் அவதியுற்றார்கள் என்றும், 2050-ல் இத்தொகை 84 கோடியைத் தாண்டக்கூடும் என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் தெரிவித்திருக்கிறது. மனிதரை வேலைக்கு உதவாதவராக்கும் காரணங்களுள் இதுவே முதல் ஸ்தானம் வகிக்கிறது.

மண்டியில் மூட்டை சுமப்பவரும், நாள் முழுவதும் களையெடுக்கும் பெண்ணும், இரவெல்லாம் லாரி ஓட்டுபவரும், கம்ப்யூட்டருக்கு முன்னால் பத்து மணி நேரம் உட்கார்ந்திருப்பவரும் இந்த வலியை அறிவார்கள். ஒரு நாள் காலையில் குனிந்தவர் நிமிர முடியாமல் நிற்கிறார். ஸ்கேன் எடுக்கச் சொல்லுகிறார்கள். எடுத்த காகிதத்தில் வட்டு பிதுங்கியிருக்கிறது என்றும், தேய்ந்திருக்கிறது என்றும் எழுதியிருக்கிறது. "ஜவ்வு விலகிவிட்டது" என்ற செய்தி வீட்டுக்கு எட்டுகிறது. அன்றே அக்குடும்பத்தில் இழவு விழுந்தாற்போன்ற துக்கம் குடிகொள்ளுகிறது. உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் கால் விழுந்துவிடும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். ஆபரேஷனே வேண்டாம், எங்களிடம் வந்தால் பத்தே நாளில் ஜவ்வை உள்ளே தள்ளிவிடுவோம் என்று இன்னொருவர் விளம்பரம் செய்கிறார். எப்படிப் போனாலும் நகை அடகுக் கடைக்குப் போகிறது.

கத்திக்கும் அற்புதத்துக்கும் நடுவில் மூன்றாவது மார்க்கம் ஒன்று இருக்கிறது என்பதையும், அதுவே பெரும்பாலோருக்கு உகந்தது என்பதையும் நமது நேயர்களுக்கு எடுத்துக்காட்டவே இதை எழுதுகிறோம். நாம் வைத்தியரல்ல. சாட்சிகளை விசாரித்து எடைபோடும் தொழிலில் பழகியிருக்கிறோம். அந்த முறையிலேயே இவ்விஷயத்தையும் ஆராய்வோம்.

வட்டு என்பது யாது?

நமது முதுகெலும்பில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட எலும்புகளின் இடையில் மொத்தம் 23 வட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொரு வட்டுக்கும் வெளியே உறுதியான நார் வளையமும், உள்ளே நீர் நிறைந்த கூழ் போன்ற பொருளும் உண்டு. வளர்ந்தவருடைய வட்டுக்குள் ரத்தக் குழாய்கள் அனேகமாக இல்லை. பக்கத்து எலும்புகளிலிருந்து கசியும் சத்தைக் கொண்டே அது ஜீவிக்கிறது. ஆகையால் ஏற்பட்ட சேதம் மெதுவாகவே ஆறுகிறது. வயது ஏற ஏற நீர் வற்றி, வட்டு தணிந்து போவது தலைமயிர் நரைப்பதைப் போன்ற இயற்கைக் காரியமேயாகும்.

"ஜவ்வு விலகிவிட்டது" என்ற சொல்லே பாதிப் பயத்துக்குக் காரணம். அடுக்கிலிருந்து நழுவிய தட்டுப் போல வட்டு விலகுவதில்லை. அது மேலும் கீழும் உள்ள எலும்புகளோடு இறுகப் பிணைக்கப்பட்டிருக்கிறது. நார் வளையம் வெடித்து உள்ளிருக்கும் கூழ் வெளியே பிதுங்குவதையே அப்படிச் சொல்லுகிறார்கள். இது பெரும்பாலும் இடுப்பின் அடியிலுள்ள இரண்டு வட்டுகளிலேயே நேருகிறது. பிதுங்கியது பக்கத்து நரம்பின் வேரைத் தொட்டு அங்கே அழற்சியை உண்டாக்கினால், வலி பிட்டத்திலிருந்து காலின் அடிவரையில் மின்னலைப் போல் இறங்கும். இதையே ஸயாடிகா என்கிறார்கள்.

அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரத்து வைத்தியர்களான மிக்ஸ்டர், பார் என்ற இருவரும் 1934-ம் வருஷத்தில் வெளியிட்ட கட்டுரையொன்றில், இவ்விதக் கால் வலிக்கு வட்டின் வெடிப்பே காரணமென்றும், பிதுங்கிய பாகத்தை அகற்றினால் குணம் ஏற்படுமென்றும் விளக்கினார்கள். அது மகத்தான கண்டுபிடிப்பு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கால் வலியைப் பற்றிய அந்த உண்மையை முதுகு வலி அனைத்துக்கும் நீட்டிக்கொண்டு போனதிலிருந்தே குழப்பம் ஆரம்பித்தது.

படமே தீர்ப்பாகுமா?

எம்.ஆர்.ஐ. படத்தில் வட்டு கெட்டிருப்பது தெரிகிறது, முதுகும் வலிக்கிறது, ஆகவே கெட்ட வட்டே வலிக்குக் காரணம் என்று வாதிக்கிறார்கள். குற்றம் நடந்த தெருவில் ஒருவன் நின்றான் என்பதால் அவனே குற்றவாளி என்று எந்த நீதிபதியாவது தீர்ப்புச் சொல்லுவாரா? அந்தத் தெருவில் தினந்தோறும் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று முதலில் விசாரிக்க வேண்டாமா?

அப்படி விசாரித்தும் இருக்கிறார்கள். 1994-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு 52 பேருக்கு ஒரு வட்டாவது உப்பியிருந்தது. நூற்றுக்கு 27 பேருக்கு அது பிதுங்கியே இருந்தது. இவ்வகை ஆராய்ச்சிகள் 33-ஐத் திரட்டி, வலியற்றவர்கள் 3,110 பேருடைய படங்களைத் தொகுத்து 2015-ல் ஓர் அறிக்கை வெளியாயிற்று. இருபது வயதினரிலேயே நூற்றுக்கு 37 பேருக்கு வட்டு தேய்ந்திருக்கிறது என்றும், எண்பது வயதில் அது நூற்றுக்கு 96 ஆகிறது என்றும் அவ்வறிக்கை கூறுகிறது. இவர்களெல்லாம் நோயாளிகளல்ல; நம்மைப்போல் நடமாடுகிறவர்கள்.

பின்லாந்து தேசத்தில் இரட்டையராகப் பிறந்த ஆண்களை நெடுங்காலம் ஆராய்ந்த விஞ்ஞானிகள், வட்டு தேய்வதற்குப் பிறவியும் பரம்பரையுமே பெரிய காரணமென்றும், பாரம் சுமந்ததன் பங்கு எதிர்பார்த்ததைவிடக் குறைவென்றும் கண்டார்கள். ஆகவே "என் உழைப்பே என் முதுகை ஒடித்துவிட்டது, இனி அசைந்தால் மிச்சமும் ஒடியும்" என்ற எண்ணத்துக்கும் ஆதாரம் பலமாக இல்லை.

இன்னொரு சாட்சியமும் உண்டு. பிதுங்கிய கூழ் எப்பொழுதும் அங்கேயே தங்கிவிடுவதில்லை. தேகமே அதை அந்நியப் பொருளாகக் கருதிக் கரைத்துவிடுகிறது. பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2015-ல் வெளியான மற்றோர் அறிக்கையின்படி, வெறுமே உப்பிய வட்டுகளில் நூற்றுக்கு 13 மட்டுமே சுருங்கின. துண்டாகப் பிரிந்துவிட்டவற்றிலோ நூற்றுக்கு 96 சுருங்கின. படத்தில் எது மிகவும் பயங்கரமாகத் தோன்றுகிறதோ அதுவே பெரும்பாலும் தானாகக் குறைகிறது என்றால், படத்தைக் கண்டு நடுங்குவது எவ்வளவு வீண் காரியம்!

படம் பயனற்றது என்று நாம் சொல்லவில்லை. படம் ஒரு சாட்சி. நோயாளியின் வரலாறும் வைத்தியரின் நேர் பரிசோதனையும் அதை ஊர்ஜிதம் செய்தாலன்றி அச்சாட்சியை மட்டும் நம்பித் தண்டனை விதிக்கலாகாது என்பதே நமது வாதம்.

படுக்கை என்னும் பழைய மருந்து

முதுகு வலி கண்டவரைப் பலகையில் படுக்க வைப்பது நமது நாட்டிலும் மேல்நாடுகளிலும் நெடுநாள் வழக்கமாயிருந்தது. 1995-ல் பின்லாந்தின் தலைநகராகிய ஹெல்சிங்கி நகரசபைச் சிப்பந்திகளைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். திடீரென்று இடுப்பு பிடித்துக்கொண்டவர்களில் ஒரு பகுதியார் இரண்டு நாள் படுத்திருந்தார்கள். ஒரு பகுதியார் குறிப்பிட்ட பயிற்சிகளைச் செய்தார்கள். மூன்றாவது பகுதியார் வலி தாங்குமளவில் அன்றாடக் காரியங்களைக் கவனித்து வந்தார்கள். மூன்றாவது பகுதியாரே விரைவில் குணமடைந்தார்கள். படுத்தவர்களே மிகவும் பின்தங்கினார்கள். கால் வலியுடன் கூடிய ஸயாடிகாவுக்கும் இரண்டு வாரப் படுக்கை எவ்விதத்திலும் மேலான பலனைத் தரவில்லை என்று 1999-ல் ஹாலந்து தேசத்தார் கண்டார்கள். தாங்க முடியாத வலியில் ஒரு நாள், இரண்டு நாள் சாய்ந்துகொள்வதில் தவறில்லை. அதற்குமேல் படுக்கை மருந்தல்ல. அது தசைகளை உருக்கும் மற்றொரு நோயேயாகும்.

கத்தியையும் பயிற்சியையும் எதிரெதிரே நிறுத்தினால்

இரு தரப்பையும் நேர்மையாக எடுத்துரைப்பது நமது கடமை. கால் வலியின்றி, தேய்ந்த வட்டினால் என்று கருதப்படும் நாட்பட்ட முதுகு வலியை முதலில் எடுத்துக்கொள்வோம். எலும்புகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடும் ரண சிகிச்சை, சாதாரணப் பிஸியோதெரபியைவிட மேலானது என்று 2001-ல் ஸ்வீடன் தேசத்து ஆராய்ச்சி கூறிற்று. ஆனால் 2005-ல் பிரிட்டனில் 349 நோயாளிகளைக் கொண்டு நடந்த சோதனையில், அதே ரண சிகிச்சையைத் தீவிரமான பயிற்சித் திட்டத்தோடு ஒப்பிட்டார்கள். மனத் தைரியமூட்டும் போதனையும் அத்திட்டத்தில் அடங்கியிருந்தது. இரண்டு வருஷ முடிவில் இரு சாராரும் குணமடைந்திருந்தார்கள். வித்தியாசமோ மிகச் சொற்பம். எனவே அரைகுறையாகச் செய்த பயிற்சி கத்தியிடம் தோற்கலாம். முறையாகச் செய்த பயிற்சி அதற்குச் சமமாக நிற்கிறது.

ஸயாடிகாவின் கதை சற்று வேறு. 2007-ல் வெளியான ஹாலந்து ஆராய்ச்சியில், ஆறு வாரம் முதல் பன்னிரண்டு வாரம் வரை கடுமையான கால் வலியுடன் இருந்த 283 பேரில் ஒரு பாதியாருக்கு விரைவில் ரண சிகிச்சை செய்தார்கள். மறுபாதியார் மருந்தோடும் பயிற்சியோடும் காத்திருந்தார்கள். கத்தி ஏற்றவர்களுக்கு வலி சீக்கிரம் தணிந்தது. காத்திருந்தவர்களிலும் நூற்றுக்கு 39 பேர் பிற்பாடு ரண சிகிச்சை செய்துகொள்ள நேர்ந்தது. ஆனால் ஒரு வருஷ முடிவில் இரு சாராரிலும் நூற்றுக்கு 95 பேர் குணமடைந்திருந்தார்கள். கத்தி வேகத்தைத் தருகிறது. பெரும்பாலோருக்கு இறுதி முடிவை அது மாற்றுவதில்லை. வேகம் வேண்டுமா, பொறுமை இயலுமா என்று தீர்மானிக்கும் உரிமை நோயாளிக்கே உரியது. உண்மையை மறைத்துப் பயமுறுத்தி வாங்கும் சம்மதம் சம்மதமாகாது.

பயனுள்ளவையும் பயனற்றவையும்

உலக சுகாதார ஸ்தாபனம் 2023 டிசம்பரில், வேறு குறிப்பிட்ட நோயால் நேராத நாட்பட்ட இடுப்பு வலிக்கு ரண சிகிச்சையற்ற முறைகளைப் பற்றி வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. நோயாளிக்கு உண்மையை விளக்கிக் கூறுதல், ஒழுங்கான தேகப்பயிற்சி, பிடித்துவிடுதல் போன்ற கைச் சிகிச்சைகள், வலியைப் பற்றிய பயத்தை நீக்கும் மனச் சிகிச்சை, அழற்சியைத் தணிக்கும் மாத்திரைகள் ஆகியவற்றை அது ஆதரிக்கிறது. கட்டிலில் கட்டி எடை தொங்கவிட்டு இழுத்தல், இடுப்பில் பெல்ட் கட்டுதல், நமது ஊர்களில் "கரண்ட் வைப்பது" என்று வழங்கும் மின்சாரச் சிகிச்சை ஆகியவற்றை வழக்கமாகக் கையாள வேண்டாமென்கிறது. நமது பட்டணங்களில் அனேக இடங்களில் காசு வாங்கிக்கொண்டு செய்வது இந்த இரண்டாவது ஜாபிதாவிலுள்ளவையே என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

பயிற்சிகளில் எது சிறந்தது என்று கேட்கலாம். நாட்பட்ட இடுப்பு வலிக்குத் தேகப்பயிற்சி நன்மை தருகிறது என்பதை 249 சோதனைகளைத் தொகுத்து 2021-ல் வெளியான ஆய்வு உறுதி செய்தது. நியூஜிலாந்து தேசத்துப் பிஸியோதெரபி நிபுணர் ராபின் மெக்கென்ஸியின் கதை பிரசித்தமானது. 1956-ல், அவரிடம் வந்த நோயாளி ஒருவர், தலைப்பாகம் உயர்த்தியிருந்த மேஜையில் தவறுதலாகக் குப்புறப் படுத்துவிட்டார். முதுகு பின்னோக்கி வளைந்திருந்த சில நிமிஷங்களில் கால் வலி நீங்கிற்று. அதிலிருந்து அவர் தமது முறையையே வகுத்தார். 2017-ல் பாஸ்டன் நகரத்தில் பெரும்பாலும் ஏழைகளான 320 பேரைக் கொண்டு செய்த சோதனையில், யோகாசனப் பயிற்சி பிஸியோதெரபிக்குக் குறைந்ததல்ல என்று ஏற்பட்டது. நமது நாட்டில் பிறந்த கலைக்குக் கிடைத்த இந்நற்சாட்சி மகிழ்ச்சிக்குரியது. ஆயினும், நரம்பு வலியின் உக்கிரத்தில் புத்தகத்தைப் பார்த்து முன்வளையும் ஆசனங்களைத் தொடங்குவது அறிவீனம். தெரிந்தவரிடம் கற்றுப் படிப்படியாகச் செய்ய வேண்டும்.

செலவே இல்லாத மருந்தொன்று உண்டு. அதுதான் நடை. ஆஸ்திரேலியாவில் இடுப்பு வலியிலிருந்து தேறிய 701 பேரைக் கொண்டு நடந்து, 2024-ல் வெளியான சோதனையைப் பாருங்கள். சிறுகச் சிறுக நடையைக் கூட்டி வந்தவர்களுக்கு வலி மறுபடியும் வர சராசரி 208 தினங்கள் ஆயின. நடக்காதவர்களுக்கு 112 தினங்களே ஆயின. வாரத்தில் ஐந்து நாள், தினம் அரை மணி நேரம் என்பதே அவர்களுக்கு வைத்த இலக்கு. இதற்கு ஆஸ்பத்திரியும் வேண்டாம், இயந்திரமும் வேண்டாம்.

மாத்திரைகளின் விஷயத்தில் மட்டு மரியாதை அவசியம். ஐபுப்ரோபென், டைக்ளோபினாக் போன்றவை சில தினங்களுக்கு உதவும். மாதக்கணக்கில் விழுங்கினால் குடலில் புண்ணும் சிறுநீரகத்துக்குக் கெடுதியும் உண்டாகலாம். அபின் இனத்தைச் சேர்ந்த மருந்துகள், நாட்பட்ட முதுகு வலிக்குச் சாதாரண மாத்திரைகளைவிட மேலானவையல்ல என்று 2018-ல் அமெரிக்காவில் நடந்த சோதனை காட்டிற்று. அவற்றின் அடிமைத்தனமோ கொடிது. அவ்வினத்து மருந்தாகிய டிராமடாலை நமது சர்க்கார் அதே வருஷத்தில் போதைப்பொருள் சட்டத்தின்கீழ்க் கொண்டுவந்தது காரணமின்றியல்ல. முதுகில் போடும் ஸ்டிராய்டு ஊசி, கால் வலியைச் சில வாரங்களுக்குச் சிறிது தணிக்கலாம்; வட்டைச் செப்பனிடாது. பெயர் தெரியாத பொடிகளில் அதே ஸ்டிராய்டு ரகசியமாகக் கலந்திருப்பதுமுண்டு. இரண்டு நாளில் வலி பறந்துவிட்டது என்று அப்பொடியைக் கொண்டாடுகிறவர்கள் இதை மறக்கக்கூடாது. எண்ணெயிட்டு இதமாகப் பிடித்துவிடுவதை நாம் ஆட்சேபிக்கவில்லை. கால் முன்னாகப் பிறந்தவரைக் கொண்டு இடுப்பை மிதிக்கச் செய்வதும், சுளுக்கு எடுப்பதாக முரட்டுத்தனமாக முறுக்குவதும் நிறுத்தப்பட வேண்டும்.

தாமதிக்கலாகாத சமயங்கள்

பொறுமையை இவ்வளவு வற்புறுத்திய நாம், பொறுமை கூடாத சமயங்களையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். சிறுநீர் இறங்காமல் அடைபடுதல் அல்லது தன்னையறியாமல் போதல், மலம் அடக்க முடியாமை, ஆசனவாயைச் சுற்றியும் தொடையின் உட்புறத்திலும் மரத்துப் போதல், கால் நாளுக்கு நாள் வலுவிழந்து பாதம் தொங்குதல் ஆகிய குறிகள் தோன்றினால், அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அங்கே கத்தியே ரக்ஷகன். மணிக்கணக்கில் தாமதித்தாலும் நிரந்தர ஊனம் நேரலாம். பலமாக விழுந்து அடிபட்டபின் தோன்றும் வலியையும், புற்றுநோய் கண்டவருக்குப் புதிதாக வரும் முதுகு வலியையும் உடனே பரிசோதிக்க வேண்டும்.

காய்ச்சலும், தேக மெலிவும், இரவில் அதிகரிக்கும் வலியும் சேர்ந்தால் முதுகெலும்பில் க்ஷயரோகம் பற்றியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். நமது நாட்டில் இது அபூர்வமல்ல. இதிலும் நமது சென்னை உலகத்துக்கு ஒரு பாடம் கற்பித்திருக்கிறது. முதுகெலும்பு க்ஷயத்துக்கு ரண சிகிச்சையோடு மருந்து கொடுப்பதையும், நோயாளியை நடமாடவிட்டு மருந்து மாத்திரம் கொடுப்பதையும் சென்னையிலுள்ள க்ஷயரோக ஆராய்ச்சி நிலையத்தார் ஒப்பிட்டார்கள். அதன் பத்து வருஷ அறிக்கை 1999-ல் வெளியாயிற்று. மருந்து மாத்திரம் உண்டவர்கள் ரண சிகிச்சை பெற்றவர்களுக்கு எவ்விதத்திலும் பின்தங்கவில்லை. கத்தி வேண்டிய இடம் எது, வேண்டாத இடம் எது என்று பிரித்தறிவதற்கு இதனினும் நல்ல உதாரணம் தேவையில்லை.

சர்க்காருக்கும் பொதுஜனத்துக்கும்

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த விக்டோரியா ராஜ்யத்தில், தொழிலாளர் நஷ்டஈட்டு இலாகா 1997 முதல் 1999 வரை டெலிவிஷன் மூலம் ஓர் இயக்கம் நடத்திற்று. "முதுகு வலியென்று படுத்துவிடாதீர், நடமாடுங்கள், வேலையைக் கூடியவரை விடாதீர்கள்" என்பதே அவ்வியக்கத்தின் சாரம். ஜனங்களுடைய எண்ணம் மாறிற்று. வைத்தியர்களுடைய எண்ணமும் மாறிற்று. முதுகு வலிக்காக நஷ்டஈடு கோரி வந்தவர்களின் தொகையும் குறைந்தது. அத்தகைய இயக்கம் நடக்காத பக்கத்து ராஜ்யத்தில் ஜனங்களின் எண்ணம் மாறவில்லை. புது மருந்தோ, புதுக் கருவியோ இல்லாமல், சரியான செய்தி ஒன்றே இவ்வளவைச் சாதித்தது. பத்திரிகைகளுக்கும், மேடையில் பேசுகிறவர்களுக்கும் இதில் பாடம் இருக்கிறது.

ஆனால் "நடமாடு, வேலையை விடாதே" என்ற உபதேசம் குமாஸ்தாவுக்கு ஒரு பொருள் தருகிறது. மூட்டை சுமப்பவருக்கு வேறு பொருள் தருகிறது. பிந்தியவருக்குச் சில வாரங்களுக்கு இலகுவான வேலை கிடைத்தாலன்றி அவ்வுபதேசம் வெறும் ஏளனமாக முடியும். தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டத்தின்கீழ் வருபவருக்கு நோய்க் காலத்தில் வருஷத்துக்கு 91 நாள் வரை கூலியில் நூற்றுக்கு 70 பங்கு கிடைக்க வழியுண்டு. அன்றாடக் கூலிக்காரருக்கு அதுவுமில்லை. வலியோடு சுமப்பது அல்லது பட்டினி கிடப்பது என்ற இரண்டே வழிகளை அவர்முன் வைத்துவிட்டு, பயிற்சியின் பெருமையை நாம் பேசுவது நியாயமாகாது. கடைச் சிப்பந்திகள் உட்கார ஆசனம் அளிக்கவேண்டுமென்று தமிழ்நாட்டுச் சட்டசபை 2021-ல் சட்டம் செய்தது. அதே வருஷம் ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில், வீடு தேடிவரும் பிஸியோதெரபியும் சேர்க்கப்பட்டது. இவ்விரண்டும் நல்ல ஆரம்பங்கள். மூட்டையின் எடையைக் குறைப்பதும், ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பயிற்சி சொல்லித்தர ஒருவரை நியமிப்பதும், கூலியாளுக்கு நோய்க்கால உதவி அளிப்பதும் அடுத்தாற்போல் செய்யவேண்டிய காரியங்கள். ஸ்கேன் இயந்திரம் வாங்குவதற்கு முன் இவற்றைச் செய்தால் பொதுப்பணம் நன்கு செலவானதாகும்.

தொழிற்சங்கங்களிலும் கிராமங்களிலும் ஊழியம் செய்யும் நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்களிடம் யாரேனும் ஸ்கேன் காகிதத்தை நீட்டிக் கண்ணீர் விட்டால், மேலே கூறிய அபாயக் குறிகள் உண்டா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். இல்லையெனில், "உங்கள் முதுகு ஒடிந்துவிடவில்லை; எழுந்து நடவுங்கள்; சில வாரம் பொறுங்கள்; நகையை அடகு வைக்காதீர்கள்" என்று சொல்லுங்கள். அவ்வளவு சொல்லுவதற்கு வைத்தியப் பட்டம் வேண்டியதில்லை. அதைத் தக்க சமயத்தில் சொல்ல ஆளில்லாமற் போனதாலேயே எத்தனையோ குடும்பங்கள் கடனில் மூழ்கியிருக்கின்றன.